நாஜர் சிங் இருக்கும் திசை

தூலேவாலா கிராமத்துப் பொது நிலத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்திருந்த ஆறு ஏக்கர், நாஜர் சிங் ஏலத் தாளில் பெருவிரலை அழுத்திய மறுநாள் காலையிலிருந்து, அவன் எங்கே இருக்கிறானோ அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. கோதுமை அறுத்து முடிந்த கோடை அது. நிலத்தில் அடிக்கட்டைகளும் அங்கங்கே புல்லும்தான் இருந்தன, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நின்று பார்க்க அந்த ஊரில் யாருக்கும் நேரம் இல்லை. மோட்டார் தண்ணீர் விட்டுச் சேறடித்து, பிகாரிலிருந்து வந்த ஆட்கள் நெல் நட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கிழக்கு முகமாக நட்டு முடித்த வரிசைகள் எல்லாம் மத்தியானத்துக்குள் மேற்கு முகமாகக் கிடந்தன. கூலியைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்த அந்த ஆட்கள் மறுபடியும் நிமிர்த்தி நட்டார்கள். மறுபடியும் சாய்ந்தது. கடைசியில் அவர்களில் ஒருவன்தான், வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு போய்க்கொண்டிருந்த நாஜர் சிங்கையும் அவன் பின்னாலேயே தலை திருப்பிய நாற்றுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஓர் இடத்தில் உட்காரும்படி அவனைக் கேட்டுக்கொண்டான்.

நாஜர் சிங் பதினெட்டு வருடமாக அஜைப் சிங்கின் வீட்டில் சீரி. சீரி என்றால், விளைச்சலில் ஒரு சின்னப் பங்குக்காக வருடம் முழுக்க ஒரே வீட்டுக்கு உழைக்கிறவன். நாஜரின் அப்பாவும் அஜைப் சிங்கின் அப்பாவுக்குச் சீரியாக இருந்தவர். ஊரின் மேற்கு ஓரத்தில் வேஹ்ரா என்று சொல்லப்படும் தாழ்த்தப்பட்டவர்களின் குடியிருப்பில், சாணி மெழுகிய ஒரே அறையில் அவன் குடும்பம் இருந்தது. வேஹ்ராவுக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சொன்ன குருவின் வார்த்தை இரண்டு குருத்வாராவிலும் தினமும் இரண்டு வேளை ஒலிபெருக்கியில் ஒலித்தது.

அந்த ஆறு ஏக்கரைக் குத்தகைக்கு ஏலம் எடுக்க வேஹ்ராக்காரர்களுக்கு மட்டும்தான் உரிமை. நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் ஜாட் சாதி விவசாயியான அஜைப் சிங் அதில் கை வைக்க முடியாது. அதனால் ஊரின் பெரிய வீடுகள் நெடுநாளாகச் செய்துவந்ததைத்தான் அவனும் செய்தான். தன் சீரியை வேனில் ஏற்றிக் கூட்டிப்போய், அவன் பெயரில் கேட்டு, அவன் பெயரில் எடுத்து, அவன் விரலைத் தாளில் வைத்துவிட்டுத் திரும்பினான். நாஜர் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கட்டிலை இரவல் கொடுப்பதுபோலப் பெயரை இரவல் கொடுத்தான். வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று இருந்தான். அன்று சாயங்காலம் மோட்டார்க் கொட்டகைத் தொட்டியில் மண்ணைத் தேய்த்து விரல் மையைக் கழுவினான். மை போய்விட்டது.

நிலத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியவில்லை. தாளில் இருந்ததை அது நம்பிவிட்டது.

ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் விவாதித்தது, மூன்றாவது வாரம் பழகிவிட்டது. நாஜர் எங்கே என்று அஜைப் சிங் வீட்டில் யாரும் இப்போது ஆள் அனுப்புவதில்லை, மாடியில் ஏறிப் பயிரைப் பார்த்தால் போதும். வடக்கே சாய்ந்திருந்தால் மாட்டுக் கொட்டகை, கிழக்கே சாய்ந்திருந்தால் தானியச் சந்தை. சந்தைக்குப் போகிற வழியில் சாராயக் கடை இருந்ததால், பயிர் தேவைக்கு மேல் கிழக்கே நின்ற நாட்களில் அவன் மனைவி சிந்தோ வரப்பில் நின்று பார்த்துவிட்டு, போய் ரொட்டிக்கு மாவு பிசைவதைத் தள்ளிப்போட்டாள். வேஹ்ராவின் பெண்கள், தங்கள் புருஷன்மார்களுக்கும் இப்படி ஒரு அரை ஏக்கராவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சிரித்தார்கள்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, பயிரின் தண்டை ஒடித்துப் பார்த்து, மண்ணைப் பொட்டலம் கட்டி, காற்று என்று எழுதிக்கொண்டு போனார். ஆவணி மாதத்தில் ஒருநாள் முழுப் பயிரும் பெரிய குருத்வாராவை நோக்கிக் குனிந்து கிடந்தபோது, அங்கே கிரந்தம் ஓதும் கியானி ஒலிபெருக்கியில் அதை ஊருக்கு அறிவித்தார். இந்தக் கலிகாலத்திலும் ஒரு புல்லுக்குக்கூட குருவின் வீடு எது என்று தெரிகிறது என்றார், ஜனங்கள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு கேட்டார்கள். நாஜர் சிங் அப்போது வாசலில் செருப்புகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறான் என்று யாரோ உள்ளே போய்ச் சொன்னார்கள். கியானி தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். அன்று சாப்பாட்டுப் பந்தியில் நாஜரை முன்னால் வந்து உட்காரச் சொன்னார்கள். அவன் பழக்கப்படி கதவோரத்தில், கடைசியாகத்தான் உட்கார்ந்தான்.

அறுப்பு வந்தபோது அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாஜரை அறுவடை இயந்திரத்தின் ஏணியிலேயே உட்காரவைத்தார்கள். நாலாபக்கத்துப் பயிரும் அவன் பக்கம் சாய்ந்து, அவனுக்கு முன்னால் சுழலும் கத்தியில் தானாகவே வந்து விழுந்தது. ஒரு மணி சிந்தவில்லை. இப்படி ஓர் அறுப்பை ஊர் பார்த்ததே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அஜைப் சிங் வெல்லம் கொடுத்தான். நாஜர் இறங்கி வந்து, முகத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தலைப்பாகை நுனியால் துடைத்துக்கொண்டு மோட்டார்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அடிக்கட்டைகளைக் கொளுத்தியபோது மற்ற வயல்களின் புகை காற்று போன பக்கம் போனது, அந்த ஆறு ஏக்கரின் புகை மட்டும் வேஹ்ராவுக்குள் நுழைந்து, சந்து சந்தாகத் திரும்பி, அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. சிந்தோ இருமிக்கொண்டே, விளைச்சல் அஜைப் சிங் வீட்டுக்குப் போகிறது, புகையாவது நம் வீட்டுக்கு வருகிறதே என்றாள்.

அவள் சும்மா சொல்லவில்லை. வேஹ்ராவில் எல்லோர் வீட்டிலும் ஒரு எருமை இருந்தது, யாருக்கும் ஒரு சாண் நிலம் இல்லை. பெண்கள் தினமும் விடிந்ததும் ஜாட்களின் வரப்புகளுக்குப் போய்ப் புல் அறுத்தார்கள். அறுக்கும்போது வயல்காரன் வந்து நிற்பான். சில பேர் வெறுமனே நிற்பார்கள், சில பேர் பேசுவார்கள், சில பேர் புல்கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். குனிந்த முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லப்பட்ட வார்த்தைகளை அந்தப் பெண்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு ஏக்கரும் உண்மையிலேயே வேஹ்ராவின் கைக்கு வந்தால், எல்லோரும் கூட்டாகச் சாகுபடி செய்யலாம், ஒரு பக்கம் தீவனம் போடலாம், எவன் முன்னாலும் குனியாமல் புல் அறுக்கலாம். சிந்தோ அதைத்தான் கேட்டாள். முப்பத்தொரு பெண்களின் கைநாட்டோடு வட்டார அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டாள். தாளில் இருக்கும் பெயர் இரவல் பெயர், நிலத்தை உழுவது வேறு ஆள் என்று அந்த மனுவில் இருந்தது. இரவல் பெயர் அவள் புருஷனுடையது என்பதும் இருந்தது.

பங்குனியில், கோதுமை முழங்காலுக்கு மேல் பச்சையாக நிற்கும்போது, விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நாஜர், பெயர் மட்டும்தான் தன்னுடையது என்று அவரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் பழைய ஏலம் செல்லாது, நிலம் பெண்கள் கைக்கு வந்துவிடும். அவர் வரும் நாள் காலை எருமைக்குத் தவிடு கலந்துகொண்டே சிந்தோ அவனிடம் பேசினாள்.

"வீர்பால் அப்பா, ஒரே ஒரு வார்த்தை. என் பேரு மட்டும்தான், நிலம் இல்லைன்னு சொல்லு. அப்புறம் நீ வாழ்நாள் முழுக்க வாயே திறக்க வேண்டாம், உன்னை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கல்யாணமாகிப் போய்விட்ட மகளின் பெயரைச் சொல்லித்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள். அவன் தலையை ஆட்டினான். அதே காலையில் அஜைப் சிங்கும் அவனைக் கூப்பிட்டு, பெரிய தம்ளரில் டீ கொடுத்து, அதிகாரி கேட்டால் நிலம் நாஜருடையதுதான் என்று சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தான். அங்கேயும் தலையை ஆட்டியிருந்தான்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். வரப்பின் ஒரு பக்கம் வேஹ்ராவின் பெண்கள், மறுபக்கம் ஜாட்கள். சிந்தோ தன் வழக்கைச் சொன்னாள். இந்த நிலத்திலிருந்து ஒரு கைப்பிடி வைக்கோல்கூடத் தங்கள் வாசலுக்கு வந்ததில்லை என்றாள். அஜைப் சிங் எதையும் மறுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, நான் என்ன சொல்வது, என்னைக் கேட்காதீர்கள், இந்தப் பெண்களையும் கேட்காதீர்கள், நிலத்தையே கேளுங்கள் என்று மட்டும் சொன்னான். நாஜர் சிங்கை வரப்பில் நடக்கவிட்டார்கள். கிழக்கிலிருந்து மேற்கே நடந்தான், ஆறு ஏக்கர் கோதுமையும் அவனோடு மேற்கே திரும்பியது. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தான், கிழக்கே திரும்பியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். சொந்தக்காரனைத் தவிர வேறு யாருக்கு ஒரு நிலம் இப்படிக் குனியும், இரவல் பெயருக்கு எங்கேயாவது பயிர் குனியுமா என்று ஜாட்கள் பக்கமிருந்து ஒருவர் கேட்டார். ஒரு வருடமாக அந்த அதிசயத்தைச் சொல்லிச் சிரித்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

"நாஜர் சிங், இது யார் நிலம்?" என்று அதிகாரி கேட்டார்.

அவன் சிந்தோவைப் பார்க்கவில்லை. அஜைப் சிங்கையும் பார்க்கவில்லை என்று அன்று அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவன் பயிரைப் பார்த்தான். ஆறு ஏக்கரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னோடதுதான், சாப்," என்றான்.

பயத்தில் சொன்னானா, பதினெட்டு வருடப் பழக்கத்தில் சொன்னானா, அல்லது அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒன்றிடம் நீ எனக்குரியதில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையா என்று வேஹ்ராவில் வெகுநாள் பேசினார்கள். அதிகாரிக்கு அது தேவைப்படவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். பெண்கள் கலைந்தார்கள். சிந்தோ மட்டும் அவன் அருகே வந்தாள்.

"நிலம் உன்னைப் பாத்துக் குனியுது," என்றாள். "நீ யாரைப் பாத்துக் குனியறே?"

அவனிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாஜர் சிங் அரிவாளோடு ஆறு ஏக்கருக்குப் போனான். பச்சைக் கோதுமையில் ஒரு கட்டு அறுத்தான். பயிர் அரிவாளுக்குள் வந்து வந்து விழுந்தது, அறுப்பதற்குச் சிரமமே இல்லை. கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, எப்போதும் போகும் பின்சந்து வழியாகப் போகாமல், பெரிய தெரு வழியாக, பெரிய குருத்வாராவைத் தாண்டி நடந்தான். எருமைக்குப் போட்டால் அவள் பேசிவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். அஜைப் சிங் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். கட்டை இறக்கி வைக்கச் சொன்னான், குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

"என் வயல்லேர்ந்துதான் சர்தார்ஜி எடுத்தேன்," என்றான் நாஜர். "நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னேனே."

"நேத்து நான் சொல்லச் சொன்னேன்," என்றான் அஜைப் சிங். "இன்னைக்குச் சொல்லச் சொல்லலையே."

நாஜர் கட்டை இறக்கவில்லை. அஜைப் சிங்கின் அண்ணன் மகன்கள் இரண்டு பேர் வந்து, அறுத்ததை அறுத்த இடத்திலேயே திரும்ப வை என்று சொல்லி, அவனை வயலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே வைத்து அடித்தார்கள். தலைப்பாகை அவிழ்ந்து வாய்க்காலில் விழுந்தது. அவர்கள் அடிக்க அடிக்க, ஆறு ஏக்கர் கோதுமையும் நாலாபக்கத்திலிருந்தும் அவன் பக்கம் குனிந்தது, வேர் பிடுங்கிக்கொள்ளுமோ என்று தோன்றும் அளவுக்குக் குனிந்தது, குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பெரிய கூட்டம் ஒன்று தலைகுனிந்து நிற்கும் இடத்தில் ஒருவனை அடிப்பதுபோலச் சங்கடமாக இருந்தது என்று அந்த இருவரில் ஒருவன் பின்னால் ஒரு கல்யாண வீட்டில் சொன்னான். ஆனால் நிறுத்தவில்லை.

வேஹ்ராவிலிருந்து யாரும் போகவில்லை. தங்கள் நிலத்தை ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டவன்தானே, கிடக்கட்டும் என்று இருந்தார்கள். சிந்தோ மட்டும் போனாள். வாய்க்காலிலிருந்து தலைப்பாகையை எடுத்து, பிழிந்து, உதறி, அவன் கைக்கு எட்டும்படி வரப்பில் வைத்தாள். பேசாமல் திரும்பி வந்தாள்.

மத்தியானம் அவள் கதவருகே நின்று பார்த்தபோது கோதுமை தெற்கே சாய்ந்திருந்தது. சாயங்காலமும் தெற்கேதான். மறுநாள் தென்மேற்கு. நாஜர் சிங் ஊரில் இல்லை.

அவன் போனதால் எதுவும் நிற்கவில்லை. ஒருமுறை வாங்கிய கைநாட்டு மூன்று வருடம் செல்லும்படி தாள் தயாராக இருந்ததால் நிலம் அவன் பெயரிலேயே தொடர்ந்தது, அஜைப் சிங் வேறு ஆளை வைத்து உழுதான். அறுவடை இயந்திரம் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கக் கற்றுக்கொண்டது. நெல் நட்டார்கள், அது தென்மேற்கே சாய்ந்து வளர்ந்தது. கொளுத்தினார்கள், புகை தென்மேற்கே கிளம்பி அடிவானம் வரை ஒரே கோடாகப் போனது. கோதுமை விதைத்தார்கள், இரண்டு இலை விட்டதுமே தென்மேற்கே பார்த்தது. சிந்தோ ஒவ்வொரு நாளும் விடிந்ததும் புல்லுக்குப் போகும் வழியில் அந்த வரப்பில் ஒரு நிமிடம் நின்றாள். யார் கேட்டாலும் எருமைக்குப் புல் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவாள். எவ்வளவு தூரம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

மாசி மாதம், வேஹ்ராவிலிருந்து லாரி ஓட்டப் போன ஜக்ஸீர் என்பவனை அவள் வரப்புக்குக் கூட்டிவந்து சாய்வைக் காட்டினாள். அந்தப் பக்கம் சரக்கு எடுத்துப் போகும்போது வழியில் விசாரித்துக்கொண்டே போகச் சொன்னாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஜக்ஸீர் கேட்டான்.

"நான் பேசறேன்னு சொல்லு," என்றாள். "அவ்வளவுதான்."

அவன் ஒரு செங்கல் சூளையில் நாஜரைக் கண்டுபிடித்தான். மெலிந்துபோய், இருமிக்கொண்டு, பச்சைக் கல் அடுக்கிக்கொண்டிருந்ததாகத் திரும்பி வந்து சொன்னான். செய்தியைச் சொன்னதும் நாஜர் இன்னும் நாலு கல் அடுக்கினானாம். பிறகு, பயிர் இன்னும் சாய்கிறதா என்று கேட்டானாம். சாய்கிறது, அதைப் பார்த்துத்தான் வந்தேன் என்று ஜக்ஸீர் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, வைசாகித் திருநாளுக்குள் வந்துவிடுகிறேன் என்றானாம்.

அந்தச் சொல்லை சிந்தோ யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. பங்குனித் தொடக்கத்தில் கோதுமை மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. தென்மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, இன்னும் கொஞ்சம் தெற்கே, நடுவில் இரண்டு நாள் அசையாமல், பிறகு மறுபடியும். எங்கேயோ இறங்கி வேலை செய்துவிட்டு வருகிறான் என்று புல் அறுக்க வந்த பெண்கள் கணித்தார்கள். இந்த வேகத்தில் வந்தால் மருமகன் வீட்டு முதல் பேரனே கல்யாணத்துக்குத் தயாராகிவிடுவான் என்று ஒருத்தி கேலி செய்தாள், சிந்தோவும் சிரித்தாள். சுவரைப் புதிதாக மெழுகினாள். கட்டிலின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பேசுவதென்றால் முதலில் என்ன பேசுவது என்று எருமையிடம் ஒத்திகை பார்த்தாள். பயிர் பழுத்து நிறம் மாறியது, கதிர்கள் நேர்தெற்கே, சாலை இருக்கும் பக்கம் பார்த்து நின்றன.

வைசாகிக்கு மூன்று நாள் இருக்கும்போது, விடிந்ததும் அவள் வரப்புக்குப் போனாள். ஆறு ஏக்கர் கோதுமையும் நேராக நின்றது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வெயில் ஏறியது. பக்கத்து வயல்களின் கோதுமை எப்படி நின்றதோ அப்படித்தான் இதுவும் நின்றது, எது யாருடையது என்று சொல்ல முடியாதபடி. எந்தச் சாலையில், எந்த வண்டி மோதியோ, எந்த ஊர் மரத்தடியில் இருமியோ அவன் உயிர் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, அரிவாளோடு திரும்பி வந்தாள்.

அதற்குள் பனி ஈரம் காய்ந்து அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அதை ஓட்டி வந்தவன் வேறு மாவட்டத்துக்காரன், அந்த வயலின் கதை தெரியாதவன். அஜைப் சிங் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சிந்தோ அவன் முன்னாலேயே வயலில் இறங்கி ஒரு கட்டு அறுத்தாள். இந்தமுறை பயிர் அரிவாளுக்கு வந்து விழவில்லை, ஒவ்வொரு பிடியையும் அவளே வளைத்துத்தான் அறுக்க வேண்டியிருந்தது. அஜைப் சிங் வெள்ளைத் துப்பட்டாவைப் பார்த்தான், நிமிர்ந்து நிற்கும் பயிரைப் பார்த்தான், பிறகு செய்தித்தாளைப் பிரித்தான். இனி அடுத்த ஏலத்துக்கு வேறொரு சீரியின் பெயர் வேண்டும்.

கோதுமைக் கட்டை அவள் வேஹ்ராவின் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாள். பெண்கள் பின்னால் போனார்கள். ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு அதைப் பரப்பி வைத்தாள். வேஹ்ரா குருத்வாராவில் ஓதும் கிரந்தி பிரார்த்தனை சொல்லி முடித்ததும், ஆண் பிள்ளை இல்லாததால் அவளே நெருப்பு வைத்தாள்.

வயலின் கடைசி முனையில் வண்டியைத் திருப்பிய ஓட்டுநர், மேற்கே எழும்பிய புகையைப் பார்த்தான். அது எந்தப் பக்கமும் போகாமல் கம்பு நட்டதுபோல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே அவன் அஜைப் சிங்கைப் பார்த்துக் கத்திச் சொன்னான்:

"இன்னைக்குக் காத்தே இல்லை, சர்தார்ஜி. அறுப்புக்கு நல்ல நாள்."